என் அறையிலிருந்து வரும் குழாய்

1

நேற்று காலை வேலைக்குக் கிளம்பும்போது எங்கள் வீட்டு முன்புறப் புல்லில் ஒருவர் பச்சைச் சாயத்தால் கோடு போட்டுக்கொண்டிருந்தார். வீட்டுச் சுவரடியில் தொடங்கி நடைபாதை வரைக்கும் நேராக ஒரே கோடு. என்ன என்று கேட்டேன். தெருவிலுள்ள பழைய கழிவுநீர்க் குழாயை மாற்றப்போகிறார்களாம். அதற்கு முன் ஒவ்வொரு வீட்டுக் குழாயும் மண்ணுக்கடியில் எந்த வழியாகப் போகிறது என்று அடையாளம் வைக்க வேண்டுமாம். கழிவுநீருக்குப் பச்சை நிறம் என்றார். ஒரு கடிதமும் கொடுத்தார். நடைபாதைக்கு அந்தப் பக்கம் இருக்கும் குழாய் நகராட்சியுடையது, இந்தப் பக்கம் இருப்பது உங்களுடையது, உங்கள் பக்கத்தில் எது கெட்டாலும் உங்கள் பொறுப்பு என்று ஒரே விஷயத்தை நான்கு பத்திகளில் எழுதியிருந்தார்கள்.

டொரொண்டோவிலிருந்து ஒரு மணி நேரத் தூரத்தில் இருக்கும் இந்த ஊருக்கு நாங்கள் வந்து பத்தொன்பது வருடம் ஆகிறது. நான் ஒரு மருந்துக்கடையில் வேலை பார்க்கிறேன். கணவர் ரயிலேறி நகரத்துக்குப் போய் வருகிறார். ஒரே மகள், மேகனா, இருபது வயது. பஸ்ஸில் உட்கார்ந்து அந்தக் கடிதத்தைப் படித்துக்கொண்டு போகையில், போன ஜனவரியில் திருப்பதியில் எங்கள் வீட்டில் நடந்ததெல்லாம் வரிசையாக ஞாபகத்துக்கு வந்தது. எழுதிவிடலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன். பெருமைப்பட அதில் ஒன்றும் இல்லை. நான் ஒருத்தி மேல் பொறாமைப்பட்டேன். அந்த ஒருத்தி என் தம்பி முரளியின் மனைவி ஹைமா.

2

எங்களுக்குப் பூர்வீகம் தமிழ்நாட்டு எல்லையோரத்து நகரி. நைனாவுக்கு, அதாவது அப்பாவுக்கு, திருப்பதி பஸ் டிப்போவில் மெக்கானிக் வேலை கிடைத்தபோது எனக்கு ஆறு வயது. அன்றிலிருந்து திருப்பதிதான். நைனா கட்டிய வீட்டில் இப்போது அவரும் முரளியும் ஹைமாவும் இருக்கிறார்கள். முரளி சித்தூரில் ஒரு கல்லூரியில் வேலை பார்க்கிறான். விடிந்ததும் பஸ் ஏறினால் இருட்டின பிறகுதான் திரும்புவான். ஆகவே வீடு என்றால் ஹைமாதான். பாகாலா பக்கத்துத் தெலுங்குப் பெண். கல்யாணமாகி வந்தபோது அவளுக்குத் தமிழில் பத்து வார்த்தை தெரியாது. இப்போது நைனாவின் நகரித் தமிழையே பேசுகிறாள். நாத்தனாரான என்னை மட்டும் தெலுங்கு முறையில் 'வதினா' என்பாள்.

அம்மாவின் இரண்டாம் வருஷத் தெவசத்துக்காக நானும் மேகனாவும் போயிருந்தோம். போய்ச் சேர்ந்த அன்று சாயங்காலமே எனக்கு உறைத்தது. நைனாவின் கட்டிலருகே நாற்காலி போட்டு உட்கார்ந்து பேசிக்கொண்டிருக்கிறேன். அவர் என் முகத்தைப் பார்த்தபடியே, "ஹைமா எங்கம்மா? மாத்திரை நேரமாய்க்கினு இருக்குதே" என்றார். நான் மருந்துக்கடைக்காரி. மறுநாள் காலை அவருடைய மாத்திரைகளையெல்லாம் கிழமை எழுதிய ஒரு டப்பாவில் பிரித்து அடுக்கி, எது எப்போது என்று விளக்கினேன். எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். மதியம் ஹைமா வந்து கையை நீட்டியபோதுதான் வாயைத் திறந்தார்.

இதெல்லாம் சின்ன விஷயம் என்று எனக்கும் தெரியும். ஆனால் இதற்கு அடியில் பெரிய விஷயம் ஒன்று இருந்தது. அம்மா போனபோது நான் இல்லை. அடுத்த நாள்தான் வந்து இறங்கினேன். கடைசி நாலு மாதம் குளிப்பாட்டினதும் ஊட்டினதும் ஹைமா. அம்மா கடைசியாக என்ன பேசினாள் என்று அவளுக்குத் தெரியும். அவளாகச் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. கேட்டால், எனக்குச் சேர வேண்டியதை அவளிடம் கை நீட்டி வாங்கினதுபோல் ஆகிவிடும் என்று ஒரு வீம்பு.

மேகனா விஷயம் இதைவிட மோசம். என்னிடம் அவள் இரண்டு வார்த்தைக்கு மேல் பேசுவதில்லை. சாப்பிட்டாயா என்றால் ஆச்சு, படித்தாயா என்றால் ம். அந்தப் பெண் அங்கே ஹைமாவின் தையல் மெஷின் பக்கத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, பாதித் தமிழும் கால் தெலுங்கும் மீதி இங்கிலீஷுமாக மணிக்கணக்கில் பேசினாள். ஞாயிற்றுக்கிழமைகளில் இரண்டு பேரும் போனில் பேசுவார்கள் என்பது எனக்குத் தெரியும். ஏதோ சமையல் குறிப்பு கேட்கிறாள் என்று நினைத்திருந்தேன்.

அந்த வீட்டில் எனக்கென்று மிச்சமிருந்தது மாடியின் பின்பக்க அறை ஒன்றுதான். நாலு வருடத்துக்கு முன்னால் எனக்காகக் கட்டினது. ஜன்னலைத் திறந்தால் மலை தெரியவேண்டும் என்று கேட்டுக் கட்டவைத்தேன். அறையோடு சேர்ந்தே குளியலறையும் வேண்டும் என்றேன். மேஸ்திரி ஏதோ ஆட்சேபம் சொல்கிறார் என்று முரளி போனில் சொன்னது அரைகுறையாக நினைவிருக்கிறது. வருஷம் ஒரு தடவை வருகிறேன், ஒரு பாத்ரூம் கூடவா கட்டமுடியாது என்று கோபித்துக்கொண்டேன். கட்டிவிட்டார்கள்.

3

எனக்குச் சாக்கடை பற்றித் தெரியும் என்று நான் நம்பியதற்கு ஒரு காரணம் உண்டு. ஆறு வருடத்துக்கு முன் இங்கே எங்கள் வீட்டு நிலவறையில் கழிவுநீர் பொங்கியது. நகராட்சி அலுவலகத்துக்குப் போன் போட்டேன். எடுத்த பெண் "பேக்கப் ஆகிறதா?" என்று கேட்டாள். நிலவறையில் கம்ப்யூட்டர் எதுவும் வைக்கவில்லை என்று பொறுமையாகப் பதில் சொன்னேன். பக்கத்தில் நின்ற மேகனாவுக்கு அப்போது பதினாலு வயது. அவள் என் கையிலிருந்து போனைப் பிடுங்கி, கழிவுநீர் எதிர்த்து வருகிறது என்பதை அவர்கள் சொல்லும் விதத்தில் சொல்லி முடித்தாள். முகம் சிவந்து போயிருந்தது. எனக்காக வெட்கப்பட்டாள். அதன் பிறகு எந்த அலுவலகத்துக்குப் பேசவேண்டியிருந்தாலும் அவள்தான் பேசுவாள். அவளுடைய பள்ளிக்கூட விஷயத்தைக்கூட அவளே பேசி, அவளே முடித்துக்கொள்வாள்.

அன்றைக்கு வந்த ஆள் குழாய்க்குள் கேமராவை விட்டுப் படம் காட்டினார். தெருவோரத்து மேப்பிள் மரத்தின் வேர், பழைய மண்குழாயின் இணைப்பில் புகுந்து சடைசடையாகத் தொங்கியது. சாக்கடை அடைத்தால் மரத்தைப் பார் என்பது அன்றிலிருந்து என் சித்தாந்தம்.

4

திருப்பதி போய் நாலாவது நாள். தெவசத்துக்கு இன்னும் ஐந்து நாள் இருந்தது. என் குளியலறையில் தண்ணீர் ஊற்றினால் கீழே இறங்காமல் மேலே ஏறிவந்தது. அரைமணி நேரம் கழித்து மெதுவாக வடிந்தது. கீழே பாத்திரம் கழுவும் முற்றத்தில் கொடகொடவென்று சத்தம். வீட்டுக்கும் மதில் சுவருக்கும் நடுவே இருக்கும் சந்தில் மூக்கை வைக்க முடியவில்லை. தெவசத்துக்கு முப்பது பேர் வருகிறார்கள்.

அந்தச் சந்தின் ஓரத்தில் ஒரு முருங்கை மரம் மொட்டைமாடி உயரத்துக்கு வளர்ந்து நின்றது. அம்மா படுத்த வருஷம் ஹைமா நட்டது. அந்தக் கீரையைத்தான் வடித்து அம்மாவுக்கு ரசம் வைத்துக் கொடுப்பாளாம். நான் மரத்தைக் காட்டி, வேர்தான் என்றேன்.

"முருங்க வேரு அவ்ளோ தூரம் வராது வதினா. முதல்ல மூடியெல்லாம் தொறந்து பாக்கலாம்" என்றாள் ஹைமா.

எனக்கு அவள் சொன்னது காதில் ஏறவில்லை. கனடாவில் கேமரா வைத்துப் பார்த்தவள் நான். மறுநாள் அவளும் மேகனாவும் தெவசத்துக்கு வேண்டிய சாமான் வாங்கக் கடைத்தெருவுக்குப் போயிருந்தார்கள். முரளி சித்தூரில். நைனா தூக்கத்தில். பக்கத்து வீட்டில் தேங்காய் பறிக்க வந்திருந்த ஆளைக் கூப்பிட்டு, மரத்தை அடியோடு வெட்டச் சொன்னேன். முருங்கை மெத்தென்ற மரம். கால்மணி நேரத்தில் சாய்ந்துவிட்டது.

அவர்கள் திரும்பி வந்தபோது சந்து முழுக்கக் கிளை. ஹைமா பையைக் கீழே வைக்காமலேயே கிளைகளைத் தாண்டி அடிமரம் வரை போய்ப் பார்த்தாள். பிறகு, "பர்வாலேது வதினா. கொம்பு நட்டா திரும்ப வரும்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்து கீரையை ஆய ஆரம்பித்தாள். நாலு வீட்டுக்குக் கொடுத்தனுப்பினாள். அவள் சத்தம் போட்டிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். மேகனா என்னிடம், "கேக்கவே இல்லையேம்மா நீ" என்றாள். அன்று முழுக்க அவள் என்னிடம் பேசினது அவ்வளவுதான்.

மரம் போயும் தண்ணீர் இறங்கவில்லை. அப்படியென்றால் தெருக்குழாயில்தான் கோளாறு என்று வார்டு அலுவலகத்துக்குப் போனேன். கவுண்டரில் சின்ன வயதுப் பெண் ஒருத்தி, மிகவும் மரியாதையாகப் பேசினாள். வீடு யார் பேரில் இருக்கிறது என்று தெலுங்கில் கேட்டாள். எங்க நைனா பேரில் என்றேன். நீங்கள் யார் என்றாள். மகள் என்றேன். இந்த விலாசத்தில் இருக்கிறீர்களா? இல்லை. இந்த ஊர் அடையாள அட்டை இருக்கிறதா? இல்லை. எனக்குத் தெலுங்கு துருப்பிடித்துவிட்டது. 'சாக்கடை நிற்கிறது' என்பதற்கு நான் சொன்ன வார்த்தைக்கு 'சாக்கடை வேண்டாம்' என்று அர்த்தம் வந்துவிட்டது போலிருக்கிறது. அந்தப் பெண் சிரிப்பை அடக்கிக்கொண்டாள். கடைசியில் கம்ப்யூட்டரைப் பார்த்துவிட்டு, ஹைமாவதி அம்மா போன் நம்பர் இதில் இருக்கிறதே, ஓடிபி அவருக்குத்தான் போகும், அவரிடம் கேட்டுச் சொல்லுங்கள் என்றாள்.

என் பிறந்த வீட்டுச் சாக்கடையைப் பற்றி ஒரு புகார் கொடுக்க எனக்கு ஹைமாவின் ஓடிபி தேவைப்பட்டது. கேட்டேன். நான்கு எண்களை அவள் போனில் நிதானமாகப் படித்துச் சொன்னாள். நான் அதைக் கவுண்டரில் திருப்பிச் சொன்னேன்.

மதியமே ஒரு ஊழியர் வந்து தெருவிலிருந்த மூடியைத் தூக்கிப் பார்த்தார். "தெருவுல நல்லாத்தான் ஓடிக்கினு இருக்குது. அடைப்பு உங்க வீட்டுக்குள்ள" என்று சொல்லிவிட்டுப் போனார்.

5

அதற்கப்புறம் ஹைமா இறங்கினாள். சேலையைச் செருகிக்கொண்டு, கடப்பாரையால் சந்திலிருந்த மூன்று சாக்கடைத் தொட்டிகளின் மூடிகளையும் நெம்பித் திறந்தாள். மேகனா கையுறை போட்டுக்கொண்டு கூடவே நின்றாள். என்னை ஹைமா மாடிக்குப் போய் ஒரு பக்கெட் தண்ணீரோடு தயாராக இருக்கச் சொன்னாள். அவள் குரல் கொடுத்தால் நான் ஊற்ற வேண்டும். முதலில் கீழ்க் குளியலறையில் ஊற்றிப் பார்த்தார்கள். அது ஒழுங்காகத் தெருவுக்குப் போனது. அடுத்து என்னுடையது. ஊற்றினேன். எட்டிப் பார்த்தேன். கொல்லைப்பக்கம் இருக்கும் முதல் தொட்டி நிரம்பிப் பொங்கியது. சந்தின் நடுவிலிருக்கும் இரண்டாவது தொட்டி காய்ந்து கிடந்தது.

"அப்போ இதுக்கும் அதுக்கும் நடுவுலதான்" என்றாள் ஹைமா. எனக்கு மூன்று நாள் பிடிபடாதது அவளுக்கு மூன்று பக்கெட்டில் பிடிபட்டது. தெவசத்தை வைத்துக்கொண்டு ஆள் தேடிக்கொண்டிருக்க முடியாது, தொட்டி இரண்டடி ஆழம்தான், மேலே நின்றே குத்திவிடலாம் என்று வாடகைக்குக் கொண்டுவந்திருந்த நீளக் கம்பியை உள்ளே செலுத்த ஆரம்பித்தாள். மறுபடி ஊற்றச் சொல்வாள் என்று நான் பக்கெட்டோடு குளியலறையில் காத்திருந்தேன். காற்றுத் துவாரம் சந்தைப் பார்த்து இருக்கிறது. அவர்கள் பேசுவது அப்படியே கேட்டது.

மேகனா சொன்னாள்: "நவம்பர்ல காலேஜ் விட்டேன் அத்தை. இப்ப ஜனவரி. அம்மாக்கு இன்னும் தெரியாது."

"நாலு வாட்டி சொல்லிட்டேன். நீயே சொல்லு. நான் சொன்னா தப்பாப்பூடும்."

"அம்மா கேக்க மாட்டாங்க அத்தை. சொன்ன உடனே ரிப்பேர் பண்ண வந்துடுவாங்க."

பக்கெட்டை எங்கே வைத்தேன் என்று நினைவில்லை. படியிறங்கிச் சந்துக்கு வந்தேன். என்னைப் பார்த்ததும் மேகனா கையுறையைக் கழற்ற ஆரம்பித்தாள். நான் அவளைப் பார்க்கவே இல்லை. ஹைமாவைத்தான் பார்த்தேன். எத்தனை நாளாகத் தெரியும் என்று கேட்டேன். நவம்பரிலிருந்தே தெரியும் என்றாள். மூன்று மாதமாக என் கணவரும் நானும் காலையில் டிபன் டப்பா கட்டிக்கொடுத்து, பை மாட்டிக்கொண்டு போகிறவளைக் கையசைத்து அனுப்பியிருக்கிறோம். திருப்பதியில் தையல் மெஷின் முன்னால் உட்கார்ந்திருக்கிறவளுக்கு அவள் எங்கே போகவில்லை என்று தெரிந்திருக்கிறது.

"வீட்டுச் சாக்கடையவே ஒனக்கு ஒழுங்கா வெச்சுக்கத் தெரியல" என்றேன். "எம் பொண்ணப் பாத்துக்க வந்துட்ட."

இதைச் சொன்னவுடன் அதைத் திரும்ப வாங்கிக்கொள்ள முடியாது என்பது தெரிந்தது. ஹைமா கம்பியைச் சுவரில் சாய்த்து வைத்தாள். அவளுக்குக் கோபம் வந்து நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான். கோபம் வந்தபோதும் குரல் ஏறவில்லை.

"இது வீட்டுச் சாக்கடை இல்ல வதினா" என்றாள். "இது உங்க ரூமு குழாய்."

அதன் பிறகு சொன்னாள். ரூம் கட்டின நாளிலிருந்து இந்தக் குழாய் சரியில்லை. ஒவ்வொரு தடவையும் நான் வருவதற்கு முன்னால் அவள் இதைக் குத்திவிட்டு வைப்பாள், நான் போன பிறகும் குத்துவாள். இந்தத் தடவை நான் ஒரு வாரம் முன்னதாக வந்ததால் முடியவில்லை. யாரும் புழங்காத குளியலறையில் அடியிலிருக்கும் தண்ணீர் வற்றிப்போனால் குழாய் நாற்றமும் கரப்பானும் மேலே ஏறிவிடும். அதற்காக வாரா வாரம் வெள்ளிக்கிழமை மாடியேறி, ஆளில்லாத என் குளியலறையில் ஒரு பக்கெட் தண்ணீர் ஊற்றிவிட்டு வருவாள். நாலு வருடமாக. ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"அத்தைம்மாதான் சொல்லவாணாம்னாங்க. 'அவளுக்கு இங்க இருக்கறது அந்த ரூமு ஒண்ணுதான், அதுவும் சரியில்லன்னு தெரிஞ்சா வரமாட்டா'ன்னாங்க."

அம்மா என்னைப் பற்றி என்ன பேசினாள் என்று ஹைமா எனக்குச் சொன்னது அதுதான் முதல் தடவை. மன்னிப்பு கேட்கவேண்டும் என்று தோன்றியது. கேட்கவில்லை. மாடிக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். அம்மா இதையெல்லாம் அவளிடம் பேசியிருக்கிறாள் என்பதுதான் உள்ளே எரிந்தது. வெட்கம் அதற்கப்புறம்தான் வந்தது.

6

மறுநாள் அந்த அறையைக் கட்டிய மேஸ்திரியே வந்தார். தண்ணீர் நிரப்பிய நீளமான பிளாஸ்டிக் ட்யூப் ஒன்றை இரண்டு தொட்டிக்கும் நடுவில் இழுத்துப் பிடித்து மட்டம் பார்த்தார். இருபதடிக்கு நாலு அங்குலமாவது சரிவு இருக்கவேண்டிய இடத்தில் ஓர் அங்குலம்கூட இல்லை. "அன்னிக்கே தம்பிகிட்ட சொன்னனேம்மா" என்றார். "முன்பக்கம் பழைய பாத்ரூமுக்கு மேலயே வெச்சா குழாய் நேரா எறங்கும். நீங்க பின்னாலதான் ஓணும்னீங்க. கொல்லையில எறங்கி, ரெண்டு வளைவு வளைஞ்சு, வீட்டு நீளத்துக்கும் படுத்துக்கினு வரணும். எப்பிடி ஓடும்?"

மேகனா தன் பழைய போனை பாலிதீன் கவரில் சுற்றி, டார்ச்சைப் போட்டு, கம்பி நுனியில் கட்டி உள்ளே விட்டாள். எடுத்த படத்தை நைனாவின் கட்டிலைச் சுற்றி நின்று எல்லோரும் பார்த்தோம். வேர் எதுவும் இல்லை. ஒரு நார்கூட இல்லை. பாதி தூரத்தில் குழாய் தொய்ந்து, தண்ணீர் குட்டையாகத் தேங்கி நின்றது. அந்தக் குட்டையில் வெள்ளைவெள்ளையாகச் சுருண்டு கிடந்தவை நானும் மேகனாவும் கனடாவிலிருந்து கொண்டுபோன ஈரத்தாள்கள். கழிப்பறையில் போடலாம் என்று பாக்கெட் மேல் அச்சடித்திருந்தது. யாரும் முருங்கையைப் பற்றிப் பேசவில்லை.

தெருத்தொட்டியின் ஆழம் மாறாது என்பதால் குழாயை இன்னும் தாழ்த்த வழியில்லை என்றார் மேஸ்திரி. ஒன்று, குளியலறையை முன்பக்கத்துக்கு மாற்றவேண்டும். இல்லையென்றால் அதை மூடிவிட வேண்டும். நைனா வழக்கம்போல, "ஹைமா, இன்னா பண்ணலாம்?" என்று கேட்டார்.

"வதினா ரூமு. வதினாதான் சொல்லணும்" என்றாள்.

மூடிவிடுங்கள் என்றேன். பெரிய மனதோடு சொன்னேன் என்று இங்கே எழுதிவிடலாம். உண்மை அது இல்லை. இனிமேல் அவள் எனக்காக ஒரு பக்கெட் தண்ணீர்கூட ஊற்றக்கூடாது என்ற ரோஷத்தில் சொன்னேன்.

தெவசம் நன்றாக நடந்தது. ஹைமா மறுபடி குத்திவிட்ட குழாய் அந்த ஒரு நாள் தாங்கியது. மறுநாள் மேல் பைப்பை அறுத்து சிமெண்ட் வைத்து அடைத்தார்கள். மீதி நாட்களுக்கு நான் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு கீழே வரிசையில் நின்றேன்.

கிளம்புவதற்கு முந்தின காலை மேகனா மொட்டைமாடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்தாள். நான் போய் எதிர்முனையில் நின்று கிளிப் எடுத்துக் கொடுத்தேன். ஏன் விட்டாய் என்று ஒரு கேள்விதான் கேட்டேன். வேறு படிப்பு, வேறு கல்லூரி, தெரிந்த ஆசிரியர் என்று வாய் வரைக்கும் வந்ததையெல்லாம் விழுங்கினேன். அவள் இன்னும் நாலு துணி உலர்த்தினாள். பிறகு சொன்னாள். வகுப்பில் உட்கார்ந்தால் மூச்சு முட்டுகிறதாம். இரண்டு தடவை நடுவில் எழுந்து ஓடியிருக்கிறாள். நவம்பரிலிருந்து காலையில் ஒரு ரொட்டிக்கடையில் வேலை செய்கிறாளாம். மாவு பிசையும்போது மூச்சு சரியாக இருக்கிறதாம். அவள் கையில் இருந்த சூட்டுத் தழும்பை நான் அன்றுதான் பார்த்தேன். ஹைமா அதற்குக் கற்றாழை தடவச் சொன்னாளாம்.

7

திரும்பி வந்து நாலு மாதமாகிறது. மேகனா டாக்டரிடம் போய்வருகிறாள். ரொட்டிக்கடைக்கும் போகிறாள். கல்லூரியைப் பற்றி நான் கேட்பதில்லை. வாரத்துக்கு இரண்டு தடவை அவளே ஏதாவது சொல்கிறாள். அதை எண்ணிக்கொள்கிறேன். அவள் ஹைமாவோடு பேசுவதையும் எண்ணிக்கொள்கிறேன். இரண்டும் சமமாகவில்லை.

மார்ச்சில் ஹைமா ஒரு படம் அனுப்பியிருந்தாள். என் அறையில் ஜன்னல் பக்கமாகத் தையல் மெஷினைப் போட்டிருந்தாள். வெளிச்சம் நன்றாக இருக்கிறது வதினா, கண் வலிப்பதில்லை என்று எழுதியிருந்தாள். நான்தான் போட்டுக்கொள்ளச் சொன்னேன். ஆனால் மெஷினுக்குப் பின்னால் மலையைப் பார்த்தவுடன் போனைக் கவிழ்த்துவைத்தேன். ஒரு மணி நேரம் கழித்துத்தான் 'நல்லா இருக்கு' என்று பதில் போட முடிந்தது.

போன ஞாயிற்றுக்கிழமை மேகனா பேசிக்கொண்டிருந்த போனை என்னிடம் நீட்டினாள். அத்தை உன்கிட்ட பேசணுமாம் என்றாள். ஹைமா நைனாவின் உடம்பைச் சொன்னாள், முரளிக்கு சித்தூர் போய்வருவதில் முதுகு வலி என்றாள், வெயிலைச் சொன்னாள். நான் மறுபடி மறுபடி சொல்ல நினைத்துச் சொல்லாமல் விட்ட மன்னிப்பை அன்று சொன்னேன். மரத்துக்கும் சேர்த்துச் சொன்னேன். அவள் அதை ஒரு 'சரி'யில் முடித்துவிட்டு, ஒன்று கேட்கலாமா என்றாள்.

"கல்யாணமாகி இருபத்திரண்டு வருஷம் வதினா. எங்கம்மா வீட்டுக்குப் போனாலும் அடுப்பு என்கிட்டதான் வரும். யார் வீட்லயாவது விருந்தாளியா ஒரு பத்து நாள் சும்மா ஒக்காந்து, யாராவது போட்டுத் துன்னணும்போல இருக்குது. உங்க வீட்ல ஒக்காரலாமா?"

இருபத்திரண்டு வருடமாக நான் அந்த வீட்டுக்கு விருந்தாளியாகப் போய்வந்திருக்கிறேன். அவள் வீட்டுக்காரியாக இருக்கிறாள் என்று பொறாமைப்பட்டிருக்கிறேன். அவள் என்னைப் பார்த்து எதற்காவது ஏங்கியிருப்பாள் என்று ஒரு நாளும் நினைத்ததில்லை. வா என்றேன். எவ்வளவு நாள் வேண்டுமானாலும் இரு என்றேன். நைனாவை யார் பார்த்துக்கொள்வது என்று கேட்க வந்து, அதை அப்படியே நிறுத்திக்கொண்டேன். விடுமுறை மாதத்தில் வரலாம், அப்போது முரளி வீட்டில் இருப்பான் என்று அவளே யோசித்து வைத்திருந்தாள்.

போனை வைத்ததும் மேகனா, "எனக்கு முன்னாடியே தெரியும். நான்தான் உங்கிட்ட கேக்கச் சொன்னேன்" என்றாள். அதுவும் எனக்கு முன்னால் அவளுக்குத் தெரிந்திருக்கிறது. பழைய பொறாமை ஒரு தடவை வந்து போனது. அதற்குள் மேகனா, அத்தை தன் அறையில்தான் படுப்பாள் என்று முடிவு செய்து, கட்டிலுக்கடியில் இரண்டு வருடமாகக் கிடந்த குப்பையை வெளியே இழுத்துக்கொண்டிருந்தாள். நான் நூறு தடவை சொல்லி நடக்காத காரியம்.

நேற்று சாயங்காலம் வேலை முடிந்து வந்து, விசாவுக்கான அழைப்புக் கடிதம் எழுத இரண்டு பேரும் சமையலறை மேசையில் உட்கார்ந்தோம். அழைக்கப்படுபவர் உங்களுக்கு என்ன உறவு என்று எழுதவேண்டும். தம்பி மனைவி. எதற்காக வருகிறார் என்று எழுதவேண்டும். நயாகரா பார்க்க என்று எழுது, எல்லோரும் அப்படித்தான் எழுதுவார்கள் என்றாள் மேகனா. நான் 'ஓய்வெடுக்க' என்று எழுதினேன். அதிகாரி நம்பமாட்டார் என்றாள். இருக்கட்டும், அதுதான் உண்மை என்றேன்.

வந்து தங்கும் நாட்களில் அவரைக் கவனித்துக்கொள்பவர் யார் என்று கடைசியில் எழுதவேண்டியிருந்தது. மேகனா பேனாவை எடுத்து, அங்கே என் பேர் போடட்டுமா என்று கேட்டாள்.

முடியாது என்று சொல்லிப் பேனாவை வாங்கி என் பெயரை எழுதினேன்.